விட்டுக்கொடுக்கும் பசை

(இசை மாணவர்களும் கருவி செய்பவர்களும் கூடியிருந்த ஓர் அரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மேசைமேல் இருக்கிற இந்தக் கிட்டாரைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன். இது மார்ட்டின் கம்பெனி செய்த 00-18. பிறந்த ஊர் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் உள்ள நாசரேத். பிறந்த வருடம் 1956. வயதை எப்படிக் கண்டுபிடிப்பது என்று நிறையப் பேர் கேட்பீர்கள். ஒலித்துளைக்குள் ஒரு சின்னக் கண்ணாடியையும் டார்ச்சையும் விட்டால், கழுத்து வந்து சேரும் கட்டையில் ஓர் எண் குத்தியிருப்பது தெரியும். 1898-லிருந்து மார்ட்டின் கிட்டார்களுக்கு வரிசை எண் உண்டு. எந்த எண் எந்த வருடம் என்ற பட்டியலும் வெளியாகியிருக்கிறது. மேல்பலகை ஸ்ப்ரூஸ், பக்கமும் முதுகும் மஹாகனி. ஆடம்பரமான மாடல் இல்லை. அந்தக் காலத்தில் மாதச் சம்பளக்காரர் ஒருவர் கொஞ்சம் சேர்த்து வைத்து வாங்கக்கூடிய கிட்டார்.

இது சென்னை பெரம்பூரில் ஓர் ஆங்கிலோ இந்தியக் குடும்பத்துக்கு வந்து சேர்ந்தது. தாத்தா ரயில்வேயில் வேலை பார்த்தவர். அவருடைய தம்பி கப்பலில் போய்க்கொண்டிருந்தார். ஒரு பயணத்தில் இதை வாங்கி வந்து அண்ணனிடம் கொடுத்தார். கல்யாண வீடு, கிறிஸ்துமஸ், ரயில்வே இன்ஸ்டிட்யூட் டான்ஸ் என்று ஐம்பது வருடத்துக்கு மேல் இது ஓயாமல் வாசிக்கப்பட்டிருக்கிறது. பிறகு பேத்தியின் கைக்கு வந்தது. 2015 டிசம்பரில் அந்தப் பெண் கோட்டூர்புரத்தில் தரைத்தள வீட்டில் இருந்தாள். அடையாறு பெருகிய அந்த இரவு உங்களில் பலருக்கு நினைவிருக்கும். கிட்டார் பெட்டியோடு கட்டிலுக்கடியில் இருந்தது. வீட்டுக்குத் திரும்பிப் போக இரண்டு நாள் ஆகிவிட்டது.

கிட்டார் பழுதுபார்க்கும் என் பட்டறைக்கு அவள் பெட்டியைக் கொண்டுவந்தபோது கைப்பிடி வழியாகத் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. மூடியைத் திறந்ததும் சேறும் சாக்கடையும் கலந்த வாடை. உள்ளே கிட்டார் இல்லை. கிட்டாரின் பாகங்கள்தான் இருந்தன. முதுகுப்பலகை தனியாக வந்துவிட்டது. பக்கப்பலகைகள் வளைவு பிரிந்து நீண்டு கிடந்தன. உள்ளே குறுக்காக ஓடும் பட்டைகள் பெட்டியின் அடியில் விறகுச் சுள்ளிகளைப் போலக் கிடந்தன. கழுத்தைத் தொட்டதும் கையோடு வந்தது. "அங்கிள், இதுக்குமேல இதைக் கிட்டார்னு சொல்ல முடியுமா?" என்று கேட்டாள்.

ஒரு பழைய வேட்டியை விரித்து ஒவ்வொரு துண்டாக எடுத்து வைத்தேன். வைக்க வைக்க எனக்கு நம்பிக்கை வந்தது. காரணம், எந்தத் துண்டும் உடைந்திருக்கவில்லை. எல்லாம் விட்டுப்போயிருந்தன, அவ்வளவுதான். மார்ட்டின் பட்டறையில் 1956-ல் எங்கெங்கே ஒட்டினார்களோ, அங்கங்கே சுத்தமாகப் பிரிந்திருந்தன. பட்டையின் அடிப்பக்கத்தைப் பார்த்தால் அன்றைக்கு இழைத்து வைத்ததைப் போல இருந்தது. இரண்டு இடங்களில்தான் மரம் கிழிந்து நார்நாராகத் தொங்கியது. ஒன்று பிரிட்ஜுக்குக் கீழே. இன்னொன்று, பிக்-கார்டை ஒட்டிய பழைய விரிசலில். இரண்டும் இடையில் ஏதோ ஒரு பட்டறையில் பழுதுபார்த்த இடங்கள். அங்கே இரண்டு டியூபைக் கலந்து பூசும் எபாக்ஸியை ஊற்றியிருந்தார்கள். போதாததற்குப் பிரிட்ஜின் வழியாக இரண்டு இரும்புத் திருகாணி. சுற்றியிருந்த மரமெல்லாம் தண்ணீரில் ஊதி நகர்ந்தபோது அந்த இடங்கள் மட்டும் நகர மறுத்தன. நகராத இடத்தில் மரம் கிழியும், வேறு வழியில்லை.

இந்த மேடையில் நான் சொல்ல வந்தது அந்த வேட்டியின்மேல் கிடந்தது. மார்ட்டினில் ஒட்டியவர் இது ஒருநாள் பிரிக்கப்படும் என்று தெரிந்து ஒட்டினார். இடையில் வந்தவர் இனி யாரும் பிரிக்கவே கூடாது என்று ஒட்டினார்.

மார்ட்டினில் ஒட்டிய பசை உங்களுக்குப் புதிதல்ல. நம் ஆசாரிமார் வச்சிரம் என்பார்கள். மாட்டுத்தோல், எலும்பிலிருந்து எடுப்பது. கட்டியாகவோ பொடியாகவோ வரும். முதல்நாள் இரவு தண்ணீரில் ஊறவைத்து, மறுநாள் ஒரு பாத்திரத்தில் தண்ணீர் சுடவைத்து, அதற்குள் இன்னொரு பாத்திரத்தில் இதை வைத்து உருக்க வேண்டும். 60 டிகிரி பக்கத்தில் சூடு இருக்க வேண்டும். கொதிக்கவிட்டால் பிடிப்புப் போய்விடும். நாற்றம் தாங்காது என்று என் பட்டறையில் சேரும் பையன்கள் முதலில் முகம் சுளிப்பார்கள். ஒரு மாதத்தில் பழகிவிடும். தூரிகையால் பூசி, ஆறுவதற்குள் இரண்டு மரத்தையும் சேர்த்து இறுக்கிவிட வேண்டும். ஒரு நிமிடம் தாமதித்தால் மேலே தோல் கட்டிவிடும். காய்ந்துவிட்டால் கண்ணாடி மாதிரி இறுகிப்போகும். மரத்தின் அதிர்வை விழுங்காது.

அவ்வளவு இறுகியது, சூடும் ஈரமும் சேர்ந்து பட்டால் விட்டுக்கொடுக்கும். பழைய பசைமேல் புதுப் பசை பூசினாலும் ஒன்றோடு ஒன்று கலந்து பிடிக்கும். வேறு பசைகளில் இந்தக் குணம் அபூர்வம். எபாக்ஸி ஒட்டிய இடத்தைச் சுரண்டி எடுத்தாலும் மரத்தின் நுண்துளைகளுக்குள் அது நின்றுவிடும். அதன்மேல் மறுபடி எதுவும் சரியாகப் பிடிக்காது. கிரெமோனாவில் ஸ்ட்ராடிவாரி செய்த வயலின்கள் முந்நூறு வருடம் கழித்தும் மேடையில் ஒலிக்கின்றன என்றால், அதற்குக் காரணம் இருக்கிறது: அவை திறக்கப்பட்டன, கழுத்து மாற்றப்பட்டது, உள்ளே இருக்கும் கட்டை மாற்றப்பட்டது, மறுபடி மூடப்பட்டன. அப்படித் திறக்க இடம்கொடுத்தது இந்தப் பசை.

வீணைக்காரர்கள் முன்வரிசையில் இருக்கிறீர்கள். உங்களுக்கு நான் இதை விளக்கவே தேவையில்லை. வீணையில் மெட்டுகளை யாரும் மரத்தில் அறைவதில்லை. தேன்மெழுகில் கரி கலந்து, அந்த மெழுகில் 24 மெட்டுகளையும் பதிக்கிறோம். சில வருடத்தில் மெழுகு இளகி மெட்டு அசைந்து சுருதி பிசகும். மேளம் கட்டுகிறவர் பழைய மெழுகை எடுத்துவிட்டுப் புதிதாகக் கட்டிக் கொடுப்பார். அது வீணையின் குறை என்று யாராவது சொல்வோமா? அடுத்த கைக்கு வீணை விட்டுவைத்திருக்கும் இடம் அது. நாசரேத்தில் வச்சிரம் காய்ச்சியவருக்கும் தஞ்சாவூரில் மெழுகு உருக்கியவருக்கும் ஒருவரையொருவர் தெரியாது. ஆனாலும் இருவரும் ஒரே மாதிரி யோசித்திருக்கிறார்கள். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நிறைந்துபோகிறது.

இனி, கழுத்து விஷயம். ஸ்டீல் கம்பி போட்ட பழைய கிட்டார் வைத்திருக்கும் எல்லோருக்கும் இது வரும், ஆகையால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். ஆறு கம்பிகளையும் சுருதி சேர்த்தால் மொத்த இழுவிசை சுமார் 70 கிலோ. ஓர் ஆள் எடை. அதைத் தாங்குகிற மேல்பலகையின் கனம் சுமார் 3 மி.மீ. இருபது, முப்பது வருடம் இரவு பகலாக இழுத்தால் என்ன ஆகும்? பிரிட்ஜுக்குப் பின்னால் பலகை வயிறு தள்ளும். கழுத்து, உடலோடு சேரும் இடத்தில் இம்மியளவு முன்னோக்கிச் சாயும். கம்பி ஃப்ரெட்டிலிருந்து தூரப் போகும். இதைத்தான் 'ஆக்‌ஷன் ஏறிவிட்டது' என்கிறோம். 12-ஆம் ஃப்ரெட்டில் கம்பியின் உயரம் தடித்த பக்கம் சுமார் 2.5 மி.மீ., மெல்லிய பக்கம் 2 மி.மீ.க்குக் கொஞ்சம் குறைவு என்று இருந்தால் விரல் நோகாது. 4, 5 மி.மீ. ஆகிவிட்டால் வாசிக்கிறவர் கருவியோடு மல்லுக்கட்ட வேண்டும்.

உடனே கழுத்துக்குள் இருக்கும் ட்ரஸ் ராடைத் திருகிவிடலாம் என்று அலன் கீயை எடுத்துக்கொண்டு வருகிறார்கள். முதலாவது, கழுத்தின் வளைவைச் சரிசெய்யத்தான் அது. கழுத்தின் சாய்வுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இரண்டாவது, மார்ட்டின் கிட்டார்களில் திருகக்கூடிய ராடு 1985-ல்தான் வந்தது. இந்தக் கிட்டாரில் இருப்பது அசையாத இரும்புப் பட்டை. தேடினாலும் திருகாணி கிடைக்காது.

இன்னொரு குறுக்குவழி பிரிட்ஜைச் சீவிவிடுவது. 8, 9 மி.மீ. இருக்க வேண்டிய பிரிட்ஜை 5 மி.மீ. ஆக்கினால் ஆக்‌ஷன் இறங்கும்தான். ஆனால் பிரிட்ஜில் கம்பி ஏறி நிற்கும் சாடிலின்மேல் அது மடங்கும் கோணம் குறைந்துவிடும், குரல் மெலிந்துவிடும். பிரிட்ஜும் பிளக்கும். எத்தனையோ நல்ல கிட்டார்களில் இந்தக் காரியத்தைச் செய்து வைத்திருக்கிறார்கள். பார்க்கும்போது வயிறு எரிகிறது.

சரியான வழி கழுத்தைக் கழற்றி, கோணம் திருத்தி, மறுபடி பூட்டுவது. கழுத்தின் நுனி புறாவின் வாலைப் போல விரிந்து, உடலில் அதே வடிவக் குழிக்குள் இறங்கியிருக்கும். டவ்டெய்ல் என்பார்கள். முதலில் விரல்பலகையின் தொங்கும் பகுதியைச் சூடு காட்டி, மெல்லிய தகட்டால் மேல்பலகையிலிருந்து விடுவிக்க வேண்டும். பிறகு 15-ஆவது ஃப்ரெட்டை எடுத்துவிட்டு, அந்தக் காடிக்குள் 2 மி.மீ. துளை ஒன்று. நேராகப் போனால் டவ்டெய்லுக்கும் குழிக்கும் நடுவிலிருக்கும் சந்தில் போய் இறங்கும். இறங்கியது கைக்குத் தெரியும். ட்ரில் சட்டென்று இலகுவாகும். என் பட்டறையில் ஒரு பிரஷர் குக்கர் இருக்கிறது. வெயிட் போடும் இடத்தில் வெப்பம் தாங்கும் குழாய், குழாயின் முனையில் கால்பந்துக்குக் காற்றடிக்கும் ஊசி. அந்த ஊசியைத் துளைக்குள் விட்டு ஆவியைச் செலுத்துவோம். கழுத்தடியில் பழுப்பு நிறத்தில் நீர் கசியும். அறுபது வருடத்து வச்சிரம் அது, வாடையிலேயே தெரியும். கசியும் நீரை உடனுக்குடன் துடைக்காவிட்டால் வார்னிஷ் வெளுத்துவிடும். சில நிமிடத்தில் 'க்ளக்' என்று ஒரு மெல்லிய சத்தம். கழுத்து மேலே எழும்பி வரும். அவசரப்பட்டு நெம்பினால் மரம் பிளக்கும். அந்தச் சத்தம் வரும்வரை காத்திருக்கத்தான் வேண்டும்.

அதன்பிறகு உளி வேலை. பிரிட்ஜ் இருக்கும் இடத்தில் 3 மி.மீ. உயரம் கூட வேண்டுமானால், இந்த அளவுக் கிட்டாரில் கழுத்தடியின் கீழ்நுனியில் சீவ வேண்டியது சுமார் 1 மி.மீ. மட்டும். மேலே போகப் போக அது ஒன்றுமில்லாமல் தேய்ந்துவிட வேண்டும். கூடச் சீவிவிட்டால் திரும்ப ஒட்டவைக்க முடியாது. ஆகவே உப்புத்தாளை இடுக்கில் வைத்து இழுத்து இழுத்து, பூட்டிப் பார்த்து, கழற்றி, மறுபடி இழுத்து என்று அரை நாள் போகும். பசை இல்லாமலேயே மூட்டு இறுக்கமாக நிற்க வேண்டும். நின்றபிறகுதான் வச்சிரம் காய்ச்சுவோம்.

கோட்டூர்புரத்துக் கிட்டாருக்கு இந்த ஆவி வேலையை வெள்ளமே செய்துவிட்டது. எனக்கு வந்த கஷ்டம் வேறு. சேற்றை நல்ல தண்ணீரில் அலசினோம். பிறகு காயவைக்க வேண்டும். வெயிலில் வைக்காதே, ஃபேனுக்கடியில் வைக்காதே, ஹேர் டிரையர் காட்டாதே. மரம் நாரின் நீளவாக்கில் அநேகமாகச் சுருங்காது. குறுக்குவாட்டில் நிறையச் சுருங்கும். வேகமாகக் காய்ந்தால் ஓரம் சுருங்க நடு மறுக்க, பலகை கோணிப் பிளக்கும். 2010 மே மாதம் அமெரிக்காவின் நாஷ்வில்லில் கம்பர்லாண்ட் ஆறு கரை புரண்டு, இசைக்கலைஞர்கள் தங்கள் கருவிகளை வைத்திருந்த சவுண்ட்செக் கிடங்கில் புகுந்தது. ஏராளமான கிட்டார்கள் மூழ்கின. அந்த ஊர்ப் பழுதுபார்ப்பவர்களும் நிதானமாகத்தான் உலர்த்தி மீட்டார்கள். நாங்கள் ஒவ்வொரு பலகைக்கும் இரண்டு பக்கமும் காற்றுப் படும்படி சின்னக் குச்சிகள் வைத்து அடுக்கி, மேலே லேசாகப் பாரம் ஏற்றி, நிழலில் வைத்தோம். வாரம் ஒருமுறை சமையலறைத் தராசில் எடை போட்டு நோட்டில் குறித்தோம். எடை இறங்குவது நின்றால் காய்ந்துவிட்டது என்று அர்த்தம். ஏழு வாரம் ஆயிற்று. அந்தப் பெண் ஒவ்வொரு சனிக்கிழமையும் வந்து நோட்டைப் பார்த்துவிட்டுப் போவாள்.

பக்கப்பலகைகளை மறுபடி ஈரமாக்கி, சூடான இரும்புக் குழாயில் வளைத்து, அச்சில் இறுக்கினோம். பழைய வளைவை மரம் மறந்துவிடவில்லை. பாதி வேலையை அதுவே செய்தது. பட்டைகளை அவற்றின் சுவடு தெரிந்த அதே இடத்தில் ஒட்டினோம். பிக்-கார்டு பக்கத்து விரிசல் மார்ட்டின்களுக்கே உரிய வியாதி. அந்தக் காலத்தில் செல்லுலாய்டு தகட்டை வார்னிஷ் பூசாத மரத்தில் நேரடியாக ஒட்டிவிடுவார்கள். வருடக்கணக்கில் தகடு சுருங்கும். பலகையையும் இழுத்துப் பிளந்துவிடும். எபாக்ஸி கிழித்த மரத்தை அகற்றிவிட்டுப் பழைய ஸ்ப்ரூஸ் துண்டு வைத்து அடைத்தேன். உள்ளே, தபால்தலையில் பாதி அளவுக்கு ஸ்ப்ரூஸ் சில்லுகளை விரிசலுக்குக் குறுக்கே ஒட்டினேன். சில்லின் நார் பலகையின் நாருக்குக் குறுக்காக ஓட வேண்டும், ஓரங்கள் சரிவாகச் சீவியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் சில்லின் விளிம்பிலேயே அடுத்த விரிசல் தொடங்கும்.

பிரிட்ஜைக் காப்பாற்ற முடியவில்லை. அது பிரேசில் ரோஸ்வுட். அந்த மரத்தை 1992-லிருந்து சர்வதேச ஒப்பந்தம் வணிகத்தில் விடுவதில்லை. எங்கேயும் போய்க் கேட்டு வாங்கிவிட முடியாது. ஆனால் அதற்கு முன்பே, பிரேசில் மரம் கிடைப்பது அரிதானபோது மார்ட்டின் எதைத் தேடி வந்தது தெரியுமா? நம் ஈட்டி மரத்தை. தோதகத்தி என்றும் சொல்வோம். மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் மரம். 1969-ல் டி-28 போன்ற பெரிய மாடல்களின் முதுகும் பக்கமும் ஈட்டிக்கு மாறின. உலகம் முழுக்க எத்தனையோ மேடைகளில் ஒலித்த ஒலிக்கு நம் மலைக்காடு முதுகு கொடுத்திருக்கிறது. நமக்கே அது பெரும்பாலும் தெரியாது. அந்தப் பெண்ணின் வீட்டில் வெள்ளத்தில் உடைந்துபோன தாத்தாவின் ஈட்டிக் கட்டில் ஒன்று கிடந்தது. அதன் காலிலிருந்து அறுத்தேன். இப்போது இதில் இருக்கும் பிரிட்ஜ் அதுதான்.

கடைசியில் மேல்பூச்சு. நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர். தண்ணீரில் வெளுத்து, அங்கங்கே உரிந்து, பார்க்கப் பரிதாபமாக இருந்தது. புதிதாக ஸ்ப்ரே அடித்துப் பளபளப்பாக்கித் தரச் சொல்லி அவளுடைய உறவினர்கள் வற்புறுத்தினார்கள். நான் சம்மதிக்கவில்லை. பழைய பூச்சைச் சுரண்டி எடுத்தால் பழைய கிட்டாரின் விலை பாதியாகும் என்பது இந்த வியாபாரத்தில் எல்லோரும் அறிந்த கணக்கு. எனக்கு விலை பெரிதில்லை. சுரண்டும்போது மரமும் கொஞ்சம் போகும், கனமான புதுப்பூச்சு பலகையின் வாயைக் கட்டும். தவிர, மேலே அவளுடைய தாத்தாவின் முழங்கை உரசி உரசி வெளிறிய இடம் ஒன்று இருந்தது. அதை எப்படி அழிப்பேன்? வெளுத்த இடங்களை மட்டும் கரைப்பான் தெளித்துத் தெளியவைத்தேன். உரிந்த இடங்களில் ஈரம் ஏறாமலிருக்க மெல்லிய ஷெல்லாக், நம் அரக்கிலிருந்து வருவது. அதோடு நிறுத்தினேன்.

பாடகர் வில்லி நெல்சனின் கிட்டாரைப் பலர் படத்தில் பார்த்திருப்பீர்கள். 1969-ல் வாங்கிய மார்ட்டின் என்-20. 'ட்ரிகர்' என்று பெயர் வைத்திருக்கிறார். நைலான் கம்பிக் கிட்டார் என்பதால் பிக்-கார்டு கிடையாது. அதைப் பிக் வைத்தே வாசித்து வாசித்து, ஒலித்துளைக்குப் பக்கத்தில் பலகையில் இன்னொரு ஓட்டையே விழுந்துவிட்டது. ஆஸ்டின் நகரத்தில் மார்க் எர்ல்வைன் என்பவர் பல பத்தாண்டுகளாக அதைப் பராமரிக்கிறார். உள்ளே பட்டைகளைப் பார்ப்பார், தளர்ந்ததை ஒட்டுவார், தேய்ந்த மரத்தின்மேல் லாக்கர் பூசுவார். அந்த ஓட்டையை அவர் மூடவில்லை. என் தொழிலில் நான் மிகவும் மதிக்கும் முடிவுகளில் அது ஒன்று.

வீட்டில் என்ன செய்ய வேண்டும் என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கிட்டாருக்குப் பிடித்த ஈரப்பதம் 45 முதல் 55 சதவீதம். சென்னையில் அது 70, 80 என்று போகும். ஐப்பசி, கார்த்திகையில் இன்னும் மேலே. ஈரப்பதமானி ஒன்று சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. வாங்கிப் பெட்டிக்குள் வையுங்கள். மழைக்காலத்தில் பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் போடுங்கள், அதைக் காயவைத்துத் திரும்பப் போடுங்கள். இரவில் ஏ.சி., பகலில் புழுக்கம் என்று மாறிமாறி வரும் அறையில் வெளியே வைத்தால் மரம் தினமும் ஊதும், சுருங்கும். அதைவிட மூடிய பெட்டி நல்லது. வெயிலில் நிறுத்திய கார் டிக்கியில் ஒரு மணி நேரம் வைத்தாலும் வச்சிரம் இளகக்கூடும். ரப்பர் வைத்த ஸ்டாண்டில் பழைய லாக்கர் கிட்டாரைச் சாய்த்தால் ரப்பர் பூச்சைத் தின்றுவிடும். நடுவில் பருத்தித் துணி போடுங்கள். சிலிக்கோன் கலந்த பாலிஷ் வேண்டவே வேண்டாம். அது விரிசலுக்குள் இறங்கிவிட்டால் பிறகு எந்தப் பசையும் பிடிக்காது. விரல்பலகைக்குத் தேங்காய் எண்ணெய் தடவுகிறவர்கள் கையைத் தூக்க வேண்டாம், முகத்தைப் பார்த்தே தெரிகிறது. அது நாளாவட்டத்தில் சிக்கு நாற்றமெடுத்து அழுக்கைச் சேர்க்கும். வருடத்துக்கு ஒருமுறை மினரல் ஆயில் இரண்டு சொட்டு போதும். வாசித்து முடித்ததும் உலர்ந்த துணியால் வியர்வையைத் துடையுங்கள். தடித்த கம்பி போடாதீர்கள். இந்த வயதுக் கிட்டாருக்கு 11 அல்லது 12-இல் தொடங்கும் செட் போதும். கட்டிலுக்கடியில் வைக்காதீர்கள்.

இந்தக் கிட்டாரின் உள்ளே, கழுத்துக் கட்டைக்குப் பக்கத்தில், பென்சிலால் எழுதி ஒரு சின்னக் காகிதம் ஒட்டியிருக்கிறேன். என்ன தேதியில் எதைக் கழற்றினேன், எங்கே எந்த மரம் வைத்தேன், ஒட்டியது முழுக்க வச்சிரம், எபாக்ஸி தங்கிப்போன ஓர் இடம் மட்டும் பிரிட்ஜுக்கு இடதுபுறம் இன்னும் இருக்கிறது, அங்கே ஆவி காட்ட வேண்டாம் என்று குறித்திருக்கிறேன். காகிதத்தையும் வச்சிரத்தால்தான் ஒட்டினேன். ஈரத்துணி வைத்தால் வந்துவிடும். பேத்தி ஒவ்வொரு வருடமும் மழைக்கு முன்னால் இதைக் கொண்டுவருகிறாள். போன முறை அளந்தபோது 12-ஆம் ஃப்ரெட்டில் 2.4 மி.மீ. இருந்தது.

கண்ணாடியும் டார்ச்சும் மேசைமேல் வைத்திருக்கிறேன். ஒவ்வொருவராக வந்து பாருங்கள். கண்ணாடியை மெதுவாக விடுங்கள், துளையின் ஓரத்தில் இடிக்காமல். முதலில் எண் தெரியும், கொஞ்சம் திருப்பினால் காகிதம்.